தொப்புளில் சீழ், இது நாலாவது தடவை. ‘யூராகஸ்’ என்கிறார்கள். யாருக்காவது வந்திருக்கிறதா?

வெண்ணாற்றங்கரை
மே 19, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாக விவசாயப் பகுதியில்தான் எழுதுவேன், நெல் ரகம், ஆனைக்கொம்பன் ஈ என்று. மருத்துவப் பகுதிக்கு இதுதான் முதல் தடவை. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வயது 36, நீடாமங்கலம் பக்கம். சக்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. போன வருஷம் மார்ச்சில் துணி துவைக்கும்போது வீட்டுக்காரிதான் முதலில் பார்த்தாள். பனியனில் சரியாகத் தொப்புள் படும் இடத்தில் இரண்டு ரூபாய்க் காசு அளவுக்கு மஞ்சள் கறை. முகர்ந்தால் ஊறிய சணல் சாக்கு மாதிரி வாடை. வேர்வையும் சேறும் சேர்ந்து புண்ணாகியிருக்கும் என்று விட்டுவிட்டோம். ஊர் டாக்டர் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார், நின்றது.

ஆடியில் மறுபடி வந்தது. மாத்திரை, பவுடர், நின்றது. தை அறுப்பு சமயத்தில் மூன்றாவது தடவை. இந்த முறை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மரக்க ஊசி போட்டுத் தொப்புளுக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார்கள். மூன்று வாரம் தினம் கட்டு. “தோல் கட்டிதான், இனி வராது” என்றார்கள். ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை.

போன வாரம் காய்ச்சல். தொப்புளுக்கு நாலு விரல் கீழே எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாக ஒரு வீக்கம். மூத்திரம் போனால் கடைசியில் சுருக்கென்று இழுக்கிறது. தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்ததில் யூராக்கல் சிஸ்ட், அதில் சீழ் என்று வந்திருக்கிறது. முதலில் குழாய் வைத்துச் சீழை வடிப்போம், ஆறேழு வாரம் கழித்து முழுசாக எடுத்துவிடலாம், அப்போது மூத்திரப்பையின் மேல்பக்கத்தில் கொஞ்சம் வெட்டவேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர்.

எனக்குப் புரியாதது அதுதான். தொப்புளில் சீழ் வந்தால் மூத்திரப்பையை ஏன் வெட்டவேண்டும்? சீழை வடித்துவிட்டு விட்டுவிட்டால் ஆகாதா? ஜூன் 12 மேட்டூர் திறந்தால் எனக்குக் குறுவை வேலை தலைக்கு மேல் இருக்கும். பதினெட்டு மா நிலம், ஆள் பற்றாக்குறை. அம்மா வேறு, சூட்டு உடம்பு, தொப்புளில் விளக்கெண்ணெய் வை என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கும்பகோணத்துக் காப்பி
மே 19, இரவு 10.05

யூராகஸா? ஏதோ கிரேக்க மன்னன் பேர் மாதிரி இருக்கிறது. இழையைத் தொடர்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே.

கத்திரிக்கோல்
மே 20, காலை 6.15

வெண்ணாறு, விளக்கம் சொல்வதற்கு முன்னால் ஒன்று. குளிரோடு காய்ச்சல் வந்தாலோ, அடிவயிற்று வலி வயிறு முழுக்கப் பரவி வயிறு பலகை மாதிரி இறுகினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சீழ்ப்பை வயிற்றறைக்குள் உடைந்திருக்கலாம். உடைந்திருந்தால் ஆறு வாரம் என்ற பேச்சே கிடையாது, அன்றைக்கே ஆபரேஷன்.

நான் பொது அறுவை மருத்துவன், டெல்டாவிலேயே பல வருஷம். அதனால் வாய்க்கால் பாஷையிலேயே சொல்கிறேன். தாய் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் மூத்திரப்பை தொப்புளை ஒட்டி மேலே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாய். நாலைந்து மாதக் கருவில் மூத்திரப்பை இடுப்புக்குழிக்கு இறங்க இறங்க, அந்தக் குழாய் இழுபட்டுச் சுருங்கி, பிறக்கும் சமயத்தில் வெறும் நார்க்கயிறாகிவிடும். அந்தக் கயிறுதான் யூராகஸ். உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. தொப்புளிலிருந்து மூத்திரப்பையின் உச்சி வரை, பெரும்பாலும் 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். வயிற்றுச் சுவருக்குப் பின்னால், குடலை மூடியிருக்கும் சவ்வுக்கு முன்னால், இரண்டுக்கும் இடையில் ஓடும்.

சிலருக்கு இந்த வாய்க்கால் முழுசாகத் தூர்ந்துபோகாது. மூத்திரப்பையைத் தலைமதகு என்றும் தொப்புளைக் கடைமடை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தலையிலிருந்து கடை வரை திறந்தே கிடந்தால் பிறந்த குழந்தைக்குத் தொப்புள் வழியாக மூத்திரம் கசியும். கடைமடை மட்டும் திறந்திருந்தால் தொப்புளில் புரை. தலைமதகில் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தால் மூத்திரப்பை உச்சியில் ஒரு சின்ன முடுக்கு, பலருக்கு அது இருப்பதே தெரியாமல் ஆயுசு போய்விடும். இரண்டு முனையும் அடைபட்டு நடுவில் மட்டும் குட்டை தேங்கினால் அதுதான் சிஸ்ட். உங்களுக்கு இருப்பது அது. சீழ் கட்டிய பிறகு கடைமடைப் பக்கம் உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

முப்பத்தாறு வருஷம் சும்மா இருந்தது இப்போது ஏன் என்று கேட்பீர்கள். குட்டையில் கிருமி இறங்காத வரை அது சாதுதான். தொப்புள் வழியாகவோ, மூத்திரம் வழியாகவோ, ரத்தம் வழியாகவோ ஒரு நாள் இறங்கிவிடுகிறது. பெரும்பாலும் தோலில் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ்தான், சில பேருக்கு ஈ.கோலி. மூத்திரம் போகும்போது சுருக்கென்று இழுப்பதற்குக் காரணம், வீங்கிய பை மூத்திரப்பையின் தலையில் உட்கார்ந்திருப்பது.

இனி உங்கள் கேள்வி. சீழை வடித்தால் குட்டையில் தண்ணீர் வற்றும், குட்டை தூராது. அதன் உட்சுவரில் ஒரு படலம் இருக்கிறது, அது மறுபடி சுரக்கும். வடித்துவிட்டு மட்டும் விட்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. உங்களுக்கு ஏற்கெனவே வந்தாகிவிட்டது. மூத்திரப்பை விஷயத்தை ஓ.பி. முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

மூலிகைத் தோட்டம்
மே 20, காலை 8.30

டாக்டர்கள் எதற்கெடுத்தாலும் கத்தியைத்தான் எடுப்பார்கள். தொப்புள்தான் உடம்பின் மையம், அதை வெட்டக்கூடாது. வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தொப்புளில் வைத்துப் பாருங்கள். திரிபலா கஷாயத்தால் கழுவலாம். என் அத்தை மகனுக்குப் பதினைந்து நாளில் காய்ந்துவிட்டது.

பாபநாசம் வாத்தியார்
மே 20, காலை 11.20

தம்பி வெண்ணாறு, நான் இதை அனுபவித்தவன். வயது இப்போது 64, ஆபரேஷன் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. மூலிகைத் தோட்டம் சொல்கிற வேப்பெண்ணெய் வைத்தியத்தை நான் எட்டு மாதம் செய்தேன். வெளித்தோல் பளபளவென்று காய்ந்துவிடும், சந்தோஷமாக இருக்கும். உள்ளே சீழ் சேர்ந்துகொண்டே இருந்தது. வாசலை மெழுகிவிட்டால் கிணற்றுக்குள் கிடக்கும் பூனை வெளியே வந்துவிடுமா?

எனக்கு நடந்த கூத்தைக் கேள். ஒரு ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி வீங்கியிருப்பதைப் பார்த்துக் குடலிறக்கம், ஹெர்னியா என்று சொல்லித் திறந்தார்கள். உள்ளே ஹெர்னியாவும் இல்லை, ஒன்றும் இல்லை, சீழ்தான் பொங்கியிருக்கிறது. கழுவி மூடிவிட்டு, “இன்ஃபெக்‌ஷன் சார், சரியாகிவிடும்” என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊர் பேர் வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு சி.டி. எடுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்று பின்னால் பார்த்த டாக்டர் சொன்னார். எனக்கு அப்போது சக்கரை 280. அதுவும் ஒரு காரணம், புண் ஆறவே இல்லை.

அப்புறம் சரியான இடத்துக்குப் போனேன். தொப்புள் துளையில் மெல்லிய குழாய் விட்டு மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். புரை எவ்வளவு ஆழம் போகிறது என்று அதில் வெள்ளையாகத் தெரிந்தது. மூத்திர வழியாகக் கேமரா விட்டு மூத்திரப்பையின் உச்சியையும் பார்த்தார்கள். ஆபரேஷன் அன்று தொப்புளில் நீலச் சாயம் செலுத்தினார்களாம், அந்த நீலம் போன வழியெல்லாம் தோண்டி எடுத்ததாகச் சொன்னார்கள். தொப்புளுக்குக் கீழே நேர்க்கோடாக ஒரு சாண் வெட்டு. பத்து நாள் மூத்திரக் குழாய்.

இருமல் வந்தால் மட்டும் உயிர் போகும். நர்ஸம்மா ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார், தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லி. அதைக் குறித்துவைத்துக்கொள்.

முடிகொண்டான்
மே 20, மதியம் 1.10

எனக்கும் தொப்புளில் அவ்வப்போது ஈரம், நாற்றம். வயது 23. பயமாக இருக்கிறது. இதுவும் யூராகஸா?

கத்திரிக்கோல்
மே 20, இரவு 8.50

முடிகொண்டான், முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆழமான தொப்புளும் வயிற்றில் ரோமமும் இருக்கிற இளவயதுப் பையன்களுக்கு, உதிர்ந்த முடி தொப்புளுக்குள் குத்தி இறங்கிப் புரை ஓடுவது இதைவிட அதிகம். பெயர் ஆற்றுப் பெயர் என்று தெரியும், ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த முடிக்கொத்தை எடுத்து, சுத்தமாக, காய்ந்த நிலையில் வைத்திருந்தாலே நிறைய பேருக்கு அடங்கிவிடும். நீங்களே ஊக்கு, காது குடையும் பஞ்சு எதையும் விட்டு நோண்டாதீர்கள். தொப்புளுக்குக் கீழே நடுக்கோட்டில் வலியோ கட்டியோ இருந்தால் மட்டும் யூராகஸ் பக்கம் யோசிக்கவேண்டும். எப்படியும் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடுங்கள், பெரிய செலவில்லை.

மூலிகைத் தோட்டம், உங்கள் அத்தை மகனுக்கு இருந்தது தோல் புண்ணாக இருந்திருக்கும், காய்ந்ததில் எனக்குச் சந்தோஷம். இது தோலுக்கு அடியில், தசைக்கும் பின்னால் இருக்கிறது. எண்ணெய் அங்கே போக வழியில்லை. எண்ணெய் வைத்து மேல்துளையை அடைத்துவிட்டால் சீழ் உள்பக்கமாகத்தான் வழி தேடும். வெண்ணாறு, அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

சரி, மூத்திரப்பை. இந்த நார்க்கயிறு மூத்திரப்பையின் உச்சித் தசையோடு பின்னிக் கிடக்கிறது. கயிற்றை மட்டும் இழுத்து வெட்டினால் அதன் வேர் தசைக்குள்ளேயே தங்கிவிடும். தங்கிய வேரில் சீழும் கட்டலாம், கல்லும் சேரலாம். அபூர்வமாக, பல வருஷம் கழித்து, அதில் புற்றுநோயும் வரலாம். மூத்திரப்பைப் புற்றுநோய் நூறு பேருக்கு என்றால் யூராகஸில் தொடங்குவது ஒருவருக்கும் குறைவு. ஆனால் அப்படி வருவது பெரும்பாலும் அந்த மூத்திரப்பை முனையில்தான், அடினோகார்சினோமா என்ற சுரப்பி வகை. உள்ளே மறைவாக வளர்வதால் மூத்திரத்தில் ரத்தமோ சளி மாதிரியோ வரும் வரை காட்டிக்கொடுக்காது. அதனால்தான் உச்சியில் ஒரு நாணயம் அளவு மூத்திரப்பைச் சுவரையும் சேர்த்து எடுத்து, இரண்டு அடுக்காகத் தைத்துவிடுகிறோம். மூத்திரப்பை நன்றாக விரிந்து கொடுக்கும் பை, அந்தக் குறை உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எடுத்ததைக் கண்டிப்பாகப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். சீழ் கட்டிய யூராகஸ் சி.டி.யில் சில சமயம் புற்றுநோய் மாதிரியே தெரியும், தலைகீழாகவும் ஏமாற்றும். சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தால் எங்களுக்கு வயிற்றில் புளி கரையும். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா?

வெண்ணாற்றங்கரை
மே 20, இரவு 9.30

சுண்ணாம்பு என்ற வார்த்தை இல்லை சார், இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். மூத்திரத்தில் ரத்தமும் இல்லை. நாளைக்கு அட்மிஷன். அம்மாவிடம் வாத்தியார் ஐயாவின் பூனைக் கதையைச் சொன்னேன், சிரித்துவிட்டார். விளக்கெண்ணெய்க் கிண்ணம் உள்ளே போய்விட்டது.

கொள்ளிடம் தாண்டி
மே 21, காலை 7.45

திருச்சியில் சிறுநீரகவியல் பிரிவில் இருக்கிறேன். கத்திரிக்கோல் சார் சொன்னதில் பெரும்பகுதிக்கு ஒப்புக்கொள்கிறேன், இரண்டு இடத்தில் மட்டும் கொஞ்சம் தகராறு.

ஒன்று, மூத்திரப்பைச் சுவரை எல்லோருக்கும் வெட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. படத்திலும் கேமராவிலும் மூத்திரப்பையோடு தொடர்பே இல்லை என்று தெளிவாகத் தெரிந்தால், உச்சியை ஒட்டிக் கட்டி வெட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மூத்திரப்பையைத் திறக்காவிட்டால் குழாயும் ஓரிரு நாளில் போய்விடும்.

இரண்டு, யூராகஸ் மிச்சம் என்ற வார்த்தையைப் பார்த்தாலே ஓடிவந்து வெட்டிக்கொள்ளத் தேவையில்லை. இறந்தவர்களின் உடலை ஆராய்ந்து பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெரியவருக்கு நுண்ணோக்கியில் தெரிகிற அளவுக்கு ஏதோ ஒரு துளை மிச்சம் இருந்திருக்கிறது. அவர்கள் எல்லோரும் நோயாளிகளா? வேறு ஏதோ காரணத்துக்கு ஸ்கேன் எடுக்கப்போய்த் தற்செயலாகத் தெரிந்தவர்களுக்கு வெட்டுவதா, கண்காணிப்பதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை.

ஆனால் வெண்ணாறு விஷயத்தில் தகராறுக்கே இடமில்லை. நாலு தடவை சீழ். எடுத்தாகவேண்டும்.

கத்திரிக்கோல்
மே 21, காலை 8.20

முதல் தகராறில் நான் பழைய கட்சி. சுவரோடு எடுத்துவிட்டால் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவேன். குழாய் ஒரு வாரம் கூட இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாவதில் நீங்கள் சொல்வது சரி.

அரசலாறு
மே 21, காலை 10.00

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் தங்கை குழந்தைக்கு இரண்டு மாதம். தொப்புள் விழுந்த பிறகும் தண்ணீர் மாதிரி கசிகிறது. அதுவும் இதுதானா? ஆபரேஷன் என்றால் தங்கை தாங்கமாட்டாள்.

கொள்ளிடம் தாண்டி
மே 21, காலை 10.40

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தொப்புளில் சின்னச் சதை வளர்ந்தாலும் கசியும், குடலோடு தொடர்பு இருந்தாலும் கசியும். குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். ஒரு ஆறுதல், ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு யூராகஸ் மிச்சம் தானாகவே மூடிக்கொள்வது உண்டு, அதனால் தொற்று இல்லாவிட்டால் பொறுத்துப் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆழித்தேர்
மே 21, மாலை 4.15

பெண்கள் யாரும் கேட்காததால் நான் கேட்கிறேன். மாதவிலக்கு நாட்களில் மட்டும் தொப்புளில் வலித்து, கறுப்பாக ரத்தம் கசிகிறது. மற்ற நாளில் ஒன்றுமில்லை. சிசேரியன் ஆகி ஆறு வருஷம்.

கத்திரிக்கோல்
மே 21, இரவு 9.05

நல்ல கேள்வி, அம்மா. மாதக் கணக்குப்படி வந்து போகிறது என்பதே பாதி விடை. அது யூராகஸ் இல்லை. கர்ப்பப்பையின் உட்படலம் தொப்புளில் வந்து குடியேறிவிட்டால் இப்படி ஆகும். எண்டோமெட்ரியோசிஸ் என்பார்கள். மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், விலக்கு நாளில் போனால் அவர்களுக்குக் கண்டுபிடிக்கச் சுலபம். போகும்போது போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

வெண்ணாற்றங்கரை
மே 26, மாலை 6.30

வீட்டுக்கு வந்துவிட்டேன். 22ஆம் தேதி ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி விட்டு ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள். மரக்க ஊசிதான், ஆளை மயக்கவில்லை. முதல் நாளே 70 மில்லி வந்தது. டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் முக்கால்வாசி. அந்தச் சின்ன இடத்தில் இவ்வளவு எங்கே இருந்தது என்று எனக்கே ஆச்சரியம். குழாய் வைத்த ராத்திரியே காய்ச்சல் விட்டுவிட்டது, மூத்திர எரிச்சலும் மறுநாள் போய்விட்டது.

சீழில் என்ன கிருமி என்று பார்த்த கல்ச்சரில் ஸ்டஃபைலோகாக்கஸ்தான் வந்தது, டாக்டர் சொன்ன மாதிரியே. எந்த மருந்து கேட்கும் என்று ஒரு பட்டியலும் வந்தது. போன வருஷம் நான் இரண்டு தடவை விழுங்கிய மாத்திரைக்கு நேரே ‘கேட்காது’ என்று போட்டிருந்தது. இரண்டு தடவையும் எப்படி நின்றது என்றால், வாய் உடைத்து வடிந்ததால் தானாக நின்றிருக்கிறது. பேர் மாத்திரைக்கு.

இப்போது உடம்பு நன்றாக இருக்கிறது. அதுதான் பிரச்சினை. மைத்துனன் சொல்கிறான், நன்றாக இருக்கிற வயிற்றை எதற்குக் கிழிக்கவேண்டும், அடுத்த தடவை வந்தால் பார்க்கலாம் என்று. ஆறு வாரம் ஏன் காத்திருக்கவேண்டும், அப்போதே ஒரேயடியாக எடுத்திருக்கக்கூடாதா என்றும் கேட்கிறான்.

கத்திரிக்கோல்
மே 26, இரவு 10.10

சேறாகக் கிடக்கும்போது வரப்பு எங்கே வாய்க்கால் எங்கே என்று தெரியுமா? சீழோடு திறந்தால் எல்லாம் சிவந்து, ஊறி, குடலும் வந்து ஒட்டிக்கிடக்கும். தேவைக்கு மேல் வெட்டுவோம், அப்படியும் கொஞ்சம் விட்டுவிடுவோம், புண்ணும் சீழ் பிடிக்கும். வற்றவிட்டு, தொற்று முழுசாக அடங்கிய பிறகு போனால் சின்ன வெட்டோடு முடியும். ஒரே தடவையில் எடுப்பவர்களும் உண்டு. சின்னச் சீழ்ப்பை, மருந்துக்கு உடனே கேட்டுவிட்டது என்றால் அதுவும் நடக்கும். உங்களுடையது 70 மில்லி.

மைத்துனரிடம் சொல்லுங்கள், நன்றாக இருக்கும்போது வெட்டுவதுதான் நல்ல வெட்டு.

கொள்ளிடம் தாண்டி
மே 27, காலை 7.10

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள், லேப்ராஸ்கோப்பியில் செய்ய முடியுமா என்று. மூன்று துளை போதும். மேலிருந்து கேமரா பார்க்கும்போது தொப்புள் முதல் மூத்திரப்பை வரை கயிறு முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். முதல் கட்டத்தில் சீழ் நன்றாக வற்றியிருந்தால்தான் சுலபம், ஒட்டல் அதிகம் என்றால் திறந்துதான் செய்யவேண்டியிருக்கும். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள்.

பாபநாசம் வாத்தியார்
மே 27, காலை 9.00

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா தம்பி? குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டுக்கு ஒரு தனி மேசை இருக்கும். அட்மிஷனுக்கு முன்னாலேயே போய் இந்த ஆபரேஷன் பெயரைச் சொல்லி வருமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள். ஆபரேஷன் முடிந்த பிறகு போய் நின்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். ரேஷன் கார்டில் உன் பேர் சரியாக இருக்கிறதா பார், எனக்கு இன்ஷியலில் ஒரு எழுத்து மாறி இரண்டு நாள் அலைந்தேன்.

வெண்ணாற்றங்கரை
ஜூலை 24, இரவு 8.15

இழையைத் தூசி தட்டுகிறேன். ஜூலை முதல் வாரமே வரச் சொன்னார்கள், நான்தான் நடவு முடியட்டும் என்று இழுத்துவிட்டேன். கத்திரிக்கோல் சார் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். சீழ் திரும்ப வரவில்லை, மறு சி.டி.யில் பை சுருங்கி ஒரு கோவைக்காய் அளவுக்கு இருக்கிறதாம். 29ஆம் தேதி ஆபரேஷன். துளை போட்டுத்தான். வாத்தியார் ஐயா, அட்டையில் வந்துவிட்டது. எனக்கும் இன்ஷியல் தப்பு இருந்தது.

கும்பகோணத்துக் காப்பி
ஜூலை 24, இரவு 8.40

கிரேக்க மன்னனுக்கு முடிவு நெருங்குகிறது. நல்லபடியாக வாங்க அண்ணே.

வெண்ணாற்றங்கரை
ஆகஸ்ட் 9, காலை 10.30

வந்துவிட்டேன். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், நாளைக்கு யாராவது தேடி வந்தால் உதவும்.

முழு மயக்கம். இரண்டரை மணி நேரம் என்று வீட்டுக்காரி சொன்னாள். முடிந்ததும் டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டு, ஸ்டீல் கிண்ணத்தில் வைத்து எடுத்ததைக் காட்டியிருக்கிறார். காய்ந்த வெற்றிலைக் கொடித் தண்டு மாதிரி ஒரு கயிறு, சுண்டுவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம், நடுவில் ஒரு முண்டு, ஒரு முனையில் ரூபாய்க் காசு அளவுக்குச் சதை. “இதுக்காங்க ஒன்றரை வருஷம் ஓடினோம்?” என்று கேட்டாளாம். கத்திரிக்கோல் சார் கட்சிதான் எங்கள் டாக்டரும், மூத்திரப்பைச் சுவரோடு எடுத்துவிட்டார்.

வயிற்றில் மூன்று துளை. அதில் ஒன்றைக் கொஞ்சம் பெரிதாக்கி அது வழியாக எடுத்திருக்கிறார்கள். வலி முதல் இரண்டு நாள்தான். தோள்பட்டை ஏன் வலிக்கிறது என்று பயந்தேன், வயிற்றை ஊதிய காற்றால் வருவது, போய்விடும் என்றார்கள், போய்விட்டது. தலையணை வித்தைக்கு வாத்தியார் ஐயாவுக்குக் கோடி நன்றி. பக்கத்துக் கட்டில்காரருக்கும் கற்றுக்கொடுத்தேன்.

வலியைவிட மூத்திரக் குழாய்தான் ரோதனை. போகவேண்டும் போலவே இருக்கும், போவதற்கு ஒன்றும் இருக்காது. ஆடிப்பெருக்கு அன்று ஊரே ஆற்றங்கரையில் சித்ரான்னம் சாப்பிடுகிறது. நான் பையைக் கையில் தூக்கிக்கொண்டு வார்டு ஜன்னலில் நிற்கிறேன். “உனக்கும் பெருக்குதான்” என்றான் மைத்துனன். ஒன்பதாம் நாள் குழாய் வழியாக மருந்து ஏற்றிப் படம் எடுத்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் உருவினார்கள். அதற்கப்புறம் முதல் தடவை சொந்தமாகப் போனபோது கொஞ்சம் எரிந்தது, லேசாகச் சிவப்பு. சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டது. ஒன்றரை மணிக்கொரு தடவை போகவேண்டியிருந்தது, இப்போது மூன்று மணி நேரம் தாங்குகிறது.

வரும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றோம். குழாய் எடுத்த அன்றே அந்தச் சோதனையும் முடிந்தது.

கொள்ளிடம் தாண்டி
ஆகஸ்ட் 9, காலை 11.15

நீடாமங்கலம் கேட் எந்தப் பரிசோதனையையும் விடப் பெரிது. பயாப்சி?

வெண்ணாற்றங்கரை
ஆகஸ்ட் 18, மாலை 5.50

இன்றைக்கு வந்தது. யூராகஸ் மிச்சம், நாள்பட்ட அழற்சி, புற்றுநோய் அணுக்கள் எதுவும் இல்லை. அந்தக் கடைசி வரியை அம்மா என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

இரண்டு கேள்வி. தொப்புளை எடுக்கவில்லை, விட்டுவைத்திருக்கிறார்கள், ஆழம் மட்டும் குறைந்துவிட்டது. அது பரவாயில்லையா? அப்புறம், மூட்டை எப்போது தூக்கலாம்?

கத்திரிக்கோல்
ஆகஸ்ட் 18, இரவு 9.20

தொப்புளில் புரை ஓடிக் கெட்டிருந்தால் எடுப்போம், நன்றாக இருந்தால் விட்டுவிடுவோம். புற்றுநோய் என்றால் மட்டும் யோசனையே இல்லை, தொப்புளோடு சேர்த்து எடுப்பதுதான் வழக்கம். உங்களுக்கு அது தேவைப்படவில்லை.

யூரியா மூட்டை 45 கிலோ. மூன்று மாதத்துக்கு அதைத் தொடாதீர்கள். ஸ்ப்ரேயர் தோளில் மாட்டுவதும் அதே கணக்குதான். தண்ணீர் பாய்ச்சலாம், வரப்பில் நடக்கலாம், மைத்துனரை வேலை வாங்கலாம். தொப்புள் பக்கம் மறுபடி ஈரம், வலி, மூத்திரத்தில் ரத்தம் என்று எது வந்தாலும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் நேராக உங்கள் டாக்டரிடம் போங்கள்.

மூலிகைத் தோட்டம்
ஆகஸ்ட் 19, காலை 7.00

நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம் தம்பி. வெட்டுத் தழும்பில் வைக்கக் குமரித் தைலம் அனுப்பட்டுமா?

வெண்ணாற்றங்கரை
ஆகஸ்ட் 19, இரவு 8.00

அனுப்புங்கள் ஐயா, தழும்பு முழுசாக ஆறிய பிறகு டாக்டரைக் கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறேன்.

வேட்டி முடிச்சைத்தான் எங்கே போடுவது என்று தெரியவில்லை. சரியாக அந்த இடத்தில் அழுத்துகிறது. இப்போதைக்குக் கைலியை இடுப்பு ஓரமாகச் சொருகிக்கொண்டு திரிகிறேன். கறை பட்ட அந்தப் பழைய பனியன் போர் செட்டில் கிடக்கிறது, மோட்டார் துடைக்க.